தங்கச்சி பாடுகிற இடம்

அத்தியாயம் ஏழு

ஞாயிறு பூசையில் நடந்ததை அஜித்தா ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருந்தது? தங்கச்சி டயனா தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்த அஜித்தாவின் புருசன் கில்பட், பாட்டு முடிந்ததும் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவுதான்.

கண்டக்குளிக் கோயில் நிறைந்திருந்த சனத்தில் வேறு யாரும் அந்தச் சிரிப்பைக் கவனித்திருக்க மாட்டார்கள். கில்பட்டின் பெஞ்சாதி கவனித்தாள். கலியாணத்துக்கு முன்னால், இதே கோயிலில், இதே பாட்டுக்குழுவில் நின்று பாடியபோது அவளுக்கென்றே கிடைத்த சிரிப்பு அது. இப்போது அது இடம் மாறியிருந்தது.

வாரம் முழுவதும் அவள் அதை மனதுக்குள் போட்டு மென்றுகொண்டே இருந்தாள். சனிக்கிழமை காலையில் அதற்கு இன்னும் கொஞ்சம் தீனி கிடைத்தது.

வீட்டுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த மீன் பெட்டியில் உட்கார்ந்து கில்பட் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தென்னோலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சோளகம் வீசத் தொடங்கினால் கண்டக்குளியில் வள்ளங்கள் கரையேறிவிடும். வள்ளம் ஏறாத மாதங்களில் கில்பட் கிட்டார்க்காரன். அந்தக் காற்றைத் தேடித்தான் வெள்ளைக்காரர்கள் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குகிற கைட் பலகைகளோடு வருவார்கள். பின்னேரமானால் அவர்கள் குடிக்கவும் ஆடவும் கடலோரத்தில் பாட்டும் வெளிச்சமுமாகக் கடைகள் விரிந்துவிடும். சண்டை நடந்த காலத்தில் பொழுதுபட்ட பிறகு கால் வைக்க முடியாத கடற்கரை அது.

கில்பட் வாசித்த பாட்டை அஜித்தாவுக்கு நன்றாகத் தெரியும். அவன் அவளைக் கட்ட அலைந்த காலத்தில் அவனே கட்டிய பாட்டு.

*வலை காயுது வெயிலில, என்ட வயசு காயுது உன்னால,*
*வாசல் பக்கம் வந்து நில்லு, வள்ளம் தள்ளும் முன்னால.*

கலியாண வீடுகளில் அவனும் அவளும் சேர்ந்து பாடிய பாட்டு. ஆனால் இப்போது கிட்டாரின் கழுத்தில் ஒரு கவ்வியை மாட்டிச் சுருதியை ஏற்றி வைத்திருந்தான். அஜித்தாவின் குரல் அந்த உயரத்துக்குப் போகாது. அது டயனாவின் உயரம்.

கையிலிருந்த தேத்தண்ணியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"டயனா இந்தப் பாட்டையும் பாரில பாடுறாளா?"

"அதுதான் இப்ப அங்க ஓடுற பாட்டு. வெள்ளைக்காரங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனா எழும்பி நிண்டு ஆடுறாங்க."

"நம்மட பாட்டு."

"பாட்டு தேஞ்சா போயிரும்?" என்று சிரித்துவிட்டு அவன் தேத்தண்ணியை எடுத்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு கடலோரத்தில் 'சோளகம்' என்ற பெயரில் பார் திறந்தபோது, அதன் முதலாளி கிளறன்ஸ் பாடுவதற்குக் கேட்டது அஜித்தாவைத்தான். அப்போது மகள் கைக்குழந்தை. கில்பட்தான் மறுத்தான். "கலியாணம் முடிச்ச பொம்பிளை பாரில நிண்டு பாடினா சனம் நாலு விதமாக் கதைக்கும்" என்றான். அவள் அதை நியாயம் என்றே நினைத்தாள். போன வருடம் அவனே போய் மாமியார் மாக்கிறட்டிடம் நின்று, "நான் பக்கத்தில இருக்கிறன் மாமி, பொறுப்பா வீட்டுக்குக் கொண்டு வந்து விடுறன்" என்று கெஞ்சி டயனாவைக் கூட்டிப் போனான். கலியாணம் முடிக்காத பொம்பிளையைப் பற்றிச் சனம் எத்தனை விதமாகக் கதைக்கும் என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அஜித்தா வெள்ளியும் சனியும் மகளை நித்திரையாக்கிவிட்டுப் படுத்திருப்பாள். காற்றுக்கு எதிரே வருகிற பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். தங்கச்சியின் குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று இருட்டில் கிடந்தே அவளுக்குப் பாடமாகியிருந்தது.

பத்து மணியளவில் ஜவ்பர் நானா ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றத் த்ரீவீலோடு வந்தார். மன்னாரிலிருந்து பெயர்ந்து வந்து ஆலங்குடாவில் குடியிருக்கிற மனிசன். கண்டக்குளியில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவருடைய த்ரீவீல் அந்த வாசலில் ஒருமுறையாவது நின்றிருக்கும்.

கில்பட் குளிக்கப் போயிருந்தான். பெட்டியை ஒரு பக்கம் பிடித்தபடி ஜவ்பர் நானா சொன்னார்:

"இனிக் கொஞ்ச நாளைக்குத்தான் இந்தப் பெட்டி தூக்குற வேலை. காத்து முடிய நம்மட பாட்டுக்காரங்க தெக்குக் கரைக்கு, மிரிஸ்ஸவுக்குப் போறாங்களே."

அஜித்தா மறுபக்கத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"யார் போறது?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதா? கிளறன்ஸ் முதலாளி அங்கயும் ஒரு பார் எடுத்திருக்காராம். ஐப்பசியில இருந்து ஆறு மாசம் அங்கதானே சீசன். டயனாத் தங்கச்சியைக் கேட்டிருக்காரு. சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அங்கயே. கில்பட்டும் முதலாளியும் நேத்து அந்தக் கதைதான் கதைச்சுக்கிட்டு நின்டாங்க." அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் முழுசாக் கேக்கல்ல. நீங்க கில்பட்டைக் கேளுங்க."

அவள் கில்பட்டைக் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்தவன் சேர்ட்டின் கையை மடித்துவிட்டபடி நேரத்தோடு போக வேண்டும், கைட் போட்டியின் கடைசி நாள், சனம் கூடும் என்றெல்லாம் சொன்னான். மிரிஸ்ஸவைப் பற்றி ஒரு சொல் சொல்வானா என்று அவள் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் விட்டதுதான் அவளுக்கு அத்தாட்சியாகப் பட்டது.

ஆறு மாதம். ஒரே இடத்தில் சாப்பாடு. ஒரே இடத்தில் தங்கல்.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் தாய்வீட்டுக்கு நடந்தாள்.

*

அப்பா வின்சன்ட் வலை வாங்கச் சிலாபத்துக்குப் போயிருந்தார். டயனா முன் அறையில் நின்று நீலச் சட்டையொன்றை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். வாயில் ஒரு இங்கிலிஷ் பாட்டு.

"அக்கா, வாங்க! செல்லக்குட்டி, சித்தியிட்ட வாங்க." பிள்ளையை வாங்கி முத்தமிட்டாள். "இந்தச் சட்டை எப்பிடி? கழுத்துப் பக்கம் கொஞ்சம் இறக்கமா?"

"யார் வாங்கித் தந்தது?"

"நான்தான். கல்பிட்டியில எடுத்தன். இண்டைக்கு முக்கியமான நாள், அக்கா."

"என்ன முக்கியம்?"

டயனாவின் முகம் மலர்ந்தது. சொல்ல வாயெடுத்தாள். பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்ல மாட்டன். முடிவாகட்டும். அத்தானும் சொல்ல வேணாம் எண்டவர்."

அத்தானும் சொல்ல வேணாம் எண்டவர். அஜித்தாவுக்கு அயன் பெட்டியின் சூடு தன் முகத்தில் அடிப்பதுபோல் இருந்தது. தன் புருசனும் தன் தங்கச்சியும் தன்னிடமிருந்து ஒன்றை மறைத்து வைத்திருக்கிறார்கள்; அதைத் தன்னிடமே சிரித்துக்கொண்டு சொல்கிறாள்.

அவள் மகளை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். மாக்கிறட் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தார். நல்ல மனுசி, ஆனால் ஊர்வாய்க்குப் பயந்தவர். கோயிலில் யாராவது தன்னைப் பார்த்துக் குசுகுசுத்தால் மூன்று நாள் சாப்பாடு இறங்காது அவருக்கு. அது அஜித்தாவுக்குத் தெரியும். தெரிந்துதான் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, டயனாவைப் பத்திச் சனம் கதைக்குது."

மாக்கிறட்டின் கை தண்ணீருக்குள் நின்றது. "என்ன கதைக்குது?"

"பாடி முடிய ஆக்கள் வந்து கதைக்கிறாங்களாம்."

"கதைச்சா என்ன? பாட்டு நல்லம் எண்டு சொல்லுவாங்க. கில்பட் பக்கத்தில நிக்கிறான்தானே."

அதோடு அவள் எழும்பி வந்திருக்கலாம். அதுவரை சொன்னதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. ஆனால் 'கில்பட் பக்கத்தில நிக்கிறான்' என்ற சொல்லைக் கேட்டதும் நாக்கு தானாகவே மேலே போனது.

"ஒரு வெள்ளைக்காரன், அம்மா. நெடுக அவன்தானாம். போன கிழமை கிளாசில ஊத்திக் கையில குடுத்தானாம். இவள் வாங்கிக் குடிச்சாளாம்."

"மாதாவே!"

"அது மட்டுமில்ல. கடல் பக்கம் நடந்து போனாங்களாம். அவன்ட கை இவள்ட இடுப்பில இருந்ததாம்."

"யார் கண்டது?"

"கண்டவங்க கண்டதுதான். என்னட்டயே வந்து சொல்ற அளவுக்கு வந்திட்டு."

சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அந்தச் சுகம் ஒரு நிமிசம்கூட நிற்கவில்லை. மாக்கிறட் ஈரக் கையோடு எழும்பிப் போன வேகத்தைப் பார்த்ததும் அவள் அவசரமாக மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

முன் அறையில் சத்தம் எழும்பியது.

"அயனைக் கழட்டு! நீ இண்டைக்கு எங்கயும் போகல்ல. இனி ஒரு நாளும் போகல்ல!"

"அம்மா? என்ன நடந்தது?"

"என்ன நடந்ததெண்டு என்னட்டக் கேக்கிறியா? வெள்ளைக்காரன்ட கையால வாங்கிக் குடிக்கிற அளவுக்கு வந்திட்டாய், என்னட்டக் கேக்கிறாய்!"

"யார் சொன்னது அந்தப் பொய்யை? அம்மா, யார் சொன்னது?"

அஜித்தா மகளைத் தூக்கிக்கொண்டு பின் வாசலால் வெளியே வந்தாள். படலையைத் தாண்டும்போது டயனாவின் அழுகை கேட்டது. கோபத்தில் அழுகிற அழுகை. அது அஜித்தாவை வீடு வரைக்கும் துரத்தியது.

*

நாலரை மணிக்குக் கில்பட் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தான்.

"டயனா போன் எடுக்கிறாள் இல்ல. ஜவ்பர் நானாவை அனுப்பினன். மாமி வாசலில கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, புள்ள இனிப் பாட வராது எண்டு சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறா. என்ன நடந்ததெண்டு உனக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்?"

"ஆறு மணிக்குத் தொடங்க வேணும். இண்டைக்குப் பார்த்து இப்பிடி! பாட்டுக்காரி இல்லாம நான் மட்டும் கிட்டாரைச் சொறிஞ்சுகொண்டு நிண்டா கிளறன்ஸ் மாத்தயா என்ன சொல்லுவார்?"

"நான் வாறன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நீயா?"

அந்த ஒரு சொல்லில் இருந்த சந்தேகம் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஏன், எனக்குப் பாடத் தெரியாதா?"

"தெரியும், அஜித்தா. ஆனா விட்டுக் கன காலம். அங்க பாடுறது வேற. சனம் கதைக்கும், சிரிக்கும், குடிக்கும். நம்மளப் பார்க்கக்கூட மாட்டாங்க. டயனாவுக்கு அது பழகிட்டு."

"டயனா, டயனா! டயனா வரல்ல. நான்தான் இருக்கிறன். கூட்டிப் போறீங்களா, இல்லையா?"

அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. மகளை ஜவ்பர் நானாவின் பெஞ்சாதி ஹவ்வாவிடம் விட்டுவிட்டு, கலியாணத்துக்கு அடுத்த வருடம் தைத்த சிவப்புச் சட்டையை அலுமாரியிலிருந்து எடுத்துப் போட்டாள். கைப்பக்கம் இறுக்கிப் பிடித்தது. எப்படியும் கொளுவிக்கொண்டாள்.

*

'சோளகம்' பாரை அவள் வெளியே நின்று பார்த்திருக்கிறாள், உள்ளே போனதில்லை. கிடுகு வேய்ந்த பெரிய கூரை. மணலுக்கு மேலே பலகைத் தளம். தூணுக்குத் தூண் சின்னச் சின்ன பல்புகள். ஒரு பக்கம் காற்றுப் போன கைட்டுகள் நனைந்த துணிபோல் தொங்கின. வெயிலில் சிவந்த முதுகும் உப்புப் படிந்த தலைமயிருமாக வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்கள். நீர்கொழும்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த பெடியன்களும் பெட்டையளும் ஒரு மேசையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். பியர் போத்தல்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். பொரித்த கணவாய் வாசம். கடலுக்குள் சூரியன் பாதி இறங்கியிருந்தது.

இவ்வளவு அழகான இடத்திலா தங்கச்சி கிழமைக்கு இரண்டு நாள் நின்றாள்? அஜித்தாவுக்கு அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது.

கிளறன்ஸ் வந்தார். நரைத்த தாடியும் பூப்போட்ட சேர்ட்டும். தங்கச்சியை 'நங்கி' என்கிற, சிங்களம் கலந்த நீர்கொழும்புத் தமிழ்.

"டயனா எங்க?"

"சுகமில்ல, மாத்தயா. இவ என்ட பெஞ்சாதி" என்றான் கில்பட்.

"ஆ, நீங்கதானே முதல்ல நான் கேட்ட நங்கி? சரி, சரி. பாடுங்க பார்ப்பம்."

முதல் பாட்டு இங்கிலிஷ் பாட்டு. டயனா வீட்டில் முணுமுணுக்கக் கேட்டதுதான்; அஜித்தாவுக்குச் சொற்கள் பாதி தெரியாது. தெரியாத இடத்தை வாய்க்குள் விழுங்கினாள். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பதென்று தெரியவில்லை; கிட்டப் பிடித்தால் இரைந்தது, தூரப் பிடித்தால் குரல் காணாமல் போனது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்தபோது ஒரேயொரு கிழவன் மட்டும் இரக்கப்பட்டுக் கைதட்டினான்.

 கில்பட் அவளைப் பார்க்காமல் கம்பிகளைச் சரிபார்த்தான். 'நான் சொன்னன்தானே' என்று அவன் வாய் திறந்து சொல்லவில்லை, சொன்னதுபோலவே இருந்தது.

அடுத்ததாக அவன் 'வலை காயுது' பாட்டைத் தொடங்கினான். பழக்கத்தில் அதே உயரத்தில் தொடங்கினான்.

அஜித்தா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அதில வேணாம். கவ்வியைக் கழட்டுங்க."

"இதுதான் இங்க—"

"இது என்ட பாட்டு. நீங்க எனக்குக் கட்டின மாதிரி வாசிங்க."

அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு கவ்வியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். கிட்டார் கீழே இறங்கி, பழைய இடத்துக்கு வந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். இந்தப் பாட்டை டயனா துள்ளலாகப் பாடுவாள்; காற்றில் வந்த குரலில் அஜித்தா அதைக் கேட்டிருக்கிறாள். அஜித்தாவுக்குத் துள்ள வரவில்லை. வாரம் முழுவதும் மென்று விழுங்கியதெல்லாம் குரலில் ஏறி வந்தது. 'வாசல் பக்கம் வந்து நில்லு' என்ற வரியை அவள் கூப்பிடுகிறவள்போலப் பாடவில்லை. எவ்வளவோ நேரம் நின்று பார்த்துக் கால் கடுத்தவள்போலப் பாடினாள்.

இரண்டாவது சரணத்தில் கண்ணைத் திறந்தாள். மேசைகளில் சத்தம் அடங்கியிருந்தது. போட்டோ எடுத்த பெட்டை போனைக் கீழே இறக்கி வைத்திருந்தாள். குசினியிலிருந்து சமையல்காரர் அகப்பையோடு வாசலுக்கு வந்து நின்றார். அவருக்குத் தமிழ் தெரியும். பாட்டு முடிந்தபோது கிடுகுக் கூரை அதிரக் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். "இன்னொரு தரம்!" என்று நீர்கொழும்பு மேசையிலிருந்து கத்தினார்கள்.

அஜித்தா சிரித்துக்கொண்டே கில்பட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு சிரிப்புத்தான்.

கில்பட் சிரிக்கவில்லை. அவன் கைதட்டுகிற சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களில் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

*

இடைவேளையில் இரண்டு பேரும் குசினிக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியடியில் நின்றார்கள். அஜித்தாவுக்கு இனிக் கேட்கலாம் என்று தோன்றியது.

"மிரிஸ்ஸவுக்கு எப்ப போறீங்க, ரெண்டு பேரும்?"

அவன் திடுக்கிட்டான். "யார் சொன்னது?"

"யார் சொன்னா என்ன? நீங்க சொல்லல்லயே."

"ரெண்டு பேரும் எண்டு யார் சொன்னது எண்டு கேக்கிறன்." கில்பட் தாங்கியில் சாய்ந்தான். "டயனாவை மட்டும்தான் கேட்டாங்க. என்னையும் எடுங்க எண்டு நான்தான் ரெண்டு தரம் போய்க் கேட்டன். கிட்டார்க்காரன் அங்க தேவைக்கு மேல இருக்கிறானாம். குரல் மட்டும் காணுமாம், அதுவே போதுமாம்."

கில்பட் காலால் மணலைக் கிளறினான்.

"அவளை இங்க கூட்டி வந்தது நான். மைக் பிடிக்கப் பழக்கினது நான். ஆடுற பாட்டு எல்லாம் நான் கட்டின பாட்டு. இப்ப அவள் போறாள், நான் திரும்ப வள்ளம் தள்ளப் போறன். இதை உன்னட்ட என்னெண்டு சொல்றது? உன்ட தங்கச்சி காணும், உன்ட புருசன் வேணாம் எண்டுட்டாங்க எண்டு சொல்லச் சொல்றியா? முடிவாகிற வரைக்கும் வாய் திறக்காதே எண்டு அவளிட்ட நான்தான் சொன்னன். கடைசி நேரத்தில மாத்தயா மனசு மாறினாலும் எண்டு ஒரு நப்பாசை."

அவன் முகத்தை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். தன் வயிற்றில் எரிந்தது எதுவோ, அதுவே அவன் வயிற்றிலும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒரே பெட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார்கள்.

பகலில் குசினியில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. கிளாஸ். கடல் பக்கம். இடுப்பில் கை.

"இஞ்சாருங்க, நான் ஒரு—"

"நங்கி!" கிளறன்ஸ் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "எவ்வளவு நல்ல குரல்! இதை வீட்டுக்குள்ள பூட்டி வெச்சிருந்தீங்களா, கில்பட்? நான் நேரா கதைக்கிற ஆள். இன்டைக்கு மாதிரி முக்கியமான நாளில வராத ஆளை நம்பி நான் மிரிஸ்ஸவில கடை திறக்க ஏலாது. நீங்க போறீங்களா?"

அஜித்தா கில்பட்டைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. ஓம் என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

அதே நேரத்தில் பாரின் முன்பக்கம் த்ரீவீல் ஒன்று வந்து பிரேக் போட்டது; மூன்று பேரும் மேடையடிக்கு வந்து பார்த்தார்கள்.

மாக்கிறட் இறங்கினார். கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சாறி. ஒரு கையில் செபமாலை, மற்றக் கையில் டயனாவின் மணிக்கட்டு. டயனா வீட்டுச் சட்டையோடு, அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். அஜித்தா இங்கே இருப்பதைச் சொன்ன ஜவ்பர் நானா, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல த்ரீவீலுக்குள்ளேயே இருந்துகொண்டார்.

மாக்கிறட் தன் வாழ்நாளில் ஒரு பாருக்குள் கால் வைத்ததில்லை. மேசைகளுக்கு நடுவால் நேரே நடந்து வந்தார். வெறும் மேலோடு நின்ற வெள்ளைக்காரர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"அஜித்தா! இவள் மாதா படத்தில கை வெச்சுச் சத்தியம் பண்றாள், அப்பிடி ஒருத்தனும் இல்லையாம். நீ இருக்கிறாய் எண்டு சொல்றாய். எங்க அவன்? எனக்குக் காட்டு. அவனிட்டயே கேட்டுட்டுப் போறன்."

டயனாவின் கண் அக்காவின் சிவப்புச் சட்டையில் விழுந்தது. பிறகு கில்பட்டில். பிறகு மேடையில் கிடந்த மைக்கில். அவள் முகத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கி வந்தது.

"நீங்களா, அக்கா?" என்றாள் மெல்ல. "நீங்களா சொன்னது?"

கில்பட் பெஞ்சாதியின் முகத்தைப் பார்த்தான். "என்ன சொன்னாய், அஜித்தா?"

ஒருவனைக் கை நீட்டிக் காட்டினால் போதும். அங்கே ஐம்பது வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள், யாரையும் காட்டலாம். அம்மா அவனோடு தமிழில் சண்டை பிடித்துவிட்டுப் போவார்; அவனுக்கு ஒன்றும் விளங்காது. அந்த எண்ணமும் அவளுக்கு வந்தது. வந்ததை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது.

"ஒருத்தனும் இல்ல, அம்மா" என்றாள். "நான் சொன்னது பொய். அவள் குடிக்கவும் இல்ல, ஒருத்தனோடயும் நடக்கவும் இல்ல."

மாக்கிறட்டின் கை டயனாவின் மணிக்கட்டிலிருந்து தானாக விலகியது. "தங்கச்சியைப் பத்தியா? உன்ட சொந்தத் தங்கச்சியைப் பத்தியா?" அவர் பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சமையல்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

டயனா அக்காவை அடிக்கவில்லை, ஏசவில்லை. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கிளறன்சிடம் திரும்பினாள்.

"மாத்தயா, நான் வராம இருக்கல்ல. என்னை வர விடல்ல. அது உங்களுக்கு இப்ப விளங்கியிருக்கும். என்ட இடம் இருக்கா?"

கிளறன்ஸ் தாடியைச் சொறிந்தார். ஒரு பக்கம் டயனா, ஒரு பக்கம் அஜித்தா. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கட வீட்டுக் கதை எனக்குத் தேவையில்ல. மிரிஸ்ஸவில இருக்கிறது ஒரு இடம்தான். செவ்வாய்க்கிழமை என்ட பங்காளி வாறார். டயனா, நீ வந்து அவருக்கு முன்னால பாடு. நங்கி, உங்களுக்கும் விருப்பம் எண்டா வாங்க. அவர் கேட்டுட்டு முடிவு சொல்லட்டும்."

"நான் வாறன்" என்றாள் டயனா.

எல்லாரும் அஜித்தாவைப் பார்த்தார்கள். அம்மா பார்த்தார். கில்பட் பார்த்தான். எனக்கு வேண்டாம், தங்கச்சி போகட்டும் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மேசைகளிலிருந்து யாரோ, அந்தத் தமிழ்ப் பாட்டு இன்னொரு தரம் என்று கைதட்டத் தொடங்கினார்கள். அந்தத் தட்டு அவளுக்கானது. இந்த முறை தங்கச்சிக்கானது அல்ல.

"நானும் வாறன்" என்றாள்.

டயனா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அம்மாவை எழுப்பிக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு த்ரீவீலுக்குப் போனாள்.

கைதட்டல் அடங்கும் முன்பே, மேடையோரத்தில் கில்பட் குந்தியிருந்து கிட்டாரின் வயரைச் சுருட்டத் தொடங்கினான். செவ்வாய்க்கிழமை அவன் யாருக்கு வாசிப்பான் என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை.